பள்ளிவாசலுக்கு வெளியே நிற்கும் பெண்கள்

(பெண்ணுரிமையும் சாதி ஒழிப்பும் குறித்த கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'முஸ்லிம் பெண்ணியம்' என்ற தலைப்பில் பேச அழைத்தபோது கொஞ்சம் தயங்கினேன். இந்தத் தலைப்பில் பேச எழும்போதெல்லாம் இரண்டு பக்கமிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விதான் வரும். "இவ்வளவு படித்திருக்கிறீர்கள், இன்னும் ஏன் அந்த மதத்துக்குள் இருக்கிறீர்கள்?" என்று முற்போக்குத் தோழர்கள் அன்போடு கேட்பார்கள். "இவ்வளவு பேசுகிறாயே, நீ ஏன் இன்னும் எங்களோடு இருக்கிறாய்?" என்று ஊரில் அன்பில்லாமல் கேட்பார்கள். இருவரும் எனக்குக் காட்டுவது வெளியே போகும் கதவைத்தான். நான் பேச வந்தது உள்ளே போகும் கதவைப் பற்றி.

முதலில் என் சாச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் தங்கையை எங்கள் பக்கம் சாச்சி என்போம். எங்களுடையது ராவுத்தர் குடும்பம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஒரு சிறு நகரம். சாச்சிக்கு 19 வயதில் நிக்காஹ். மஹர் 1,001 ரூபாய். கைக்கூலி 25 பவுன். இந்த இரண்டு எண்களையும் மறந்துவிடாதீர்கள், மீண்டும் வருவேன்.

கல்யாணமாகி நான்கு வருடத்தில் சாச்சி அடிபட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். திரும்பிப் போகமாட்டேன் என்று உறுதியாக இருந்தார். விஷயம் ஜமாஅத்துக்குப் போனது. ஜமாஅத் கூடுவது பள்ளிவாசலில். எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குள் பெண்கள் போகும் வழக்கம் கிடையாது. ஆகவே சாச்சியின் வாழ்க்கையைப் பற்றிப் பேச நன்னாவும் இரண்டு மாமாக்களும் உள்ளே போனார்கள். மாப்பிள்ளையும் அவர் வீட்டு ஆண்களும் உள்ளே போனார்கள். முத்தவல்லி, செயலாளர், ஹஜ்ரத் எல்லோரும் உள்ளே. சாச்சி தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மூடிய கடையின் திண்ணையில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது வயதுப் பிள்ளையான நான் துணைக்கு. உள்ளே ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் மோதினார் வெளியே வந்து கேட்பார், பதிலை எடுத்துக்கொண்டு போவார். மூன்று தடவை கூடினார்கள். மூன்று தடவையில் மோதினார் ஒரே ஒரு முறைதான் வெளியே வந்தார். சாச்சிக்குக் குழந்தை உண்டா என்று கேட்பதற்காக.

"சமாதானமாகப் போங்கள்" என்று தீர்ப்பானது. போனார். மறுபடி அடிபட்டு வந்தார். இரண்டு வருடம் கழித்து ஒருவழியாகக் குலா கிடைத்தது. குலா என்றால் மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு. பெண் கேட்பதால் மஹரைத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். 1,001 ரூபாயை நன்னா எண்ணிக் கொடுத்தார். 25 பவுனைப் பற்றி யாரோ கேட்டபோது, கைக்கூலி மார்க்கத்தில் இல்லாத விஷயம், அதைப் பற்றி இங்கே பேச முடியாது என்றார்களாம். மார்க்கத்தில் இல்லாததை வாங்கும்போது யாரும் மார்க்கத்தைத் தேடவில்லை. திருப்பிக் கேட்கும்போது மட்டும் மார்க்கம் வந்து குறுக்கே நின்றது.

என் ஆய்வு அந்தத் திண்ணையில் தொடங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். இன்று நான் ஜமாஅத்துகளின் நிக்காஹ் பதிவேடுகளைப் படிக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவானது. எங்களுக்கு மார்க்கம் என்று சொல்லித் தரப்பட்டதில் பாதி ஊர் வழக்கம். மார்க்கத்தில் பெண்ணுக்கு என்று இருந்ததில் பாதி எங்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

சில கதைகளைச் சொல்கிறேன். எல்லாமே மரபு நூல்களில் உள்ளவை, எந்த ஹஜ்ரத்தும் மறுக்க முடியாதவை.

குர்ஆனின் 58ஆவது அத்தியாயத்துக்குப் பெயர் 'அல்முஜாதலா'. வாதாடுகிறவள் என்று பொருள். கவ்லா என்ற பெண்ணை அவர் கணவர், நீ எனக்குத் தாயைப் போல என்று சொல்லி ஒதுக்கிவிட்டார். அக்கால அரபு வழக்கப்படி அது ஒரு மணவிலக்கு. மனைவியாகவும் இருக்க முடியாது, வேறு வாழ்க்கையும் தேட முடியாது. கவ்லா நபிகளிடம் போய் வாதாடினார். முதலில் கிடைத்த பதிலை ஏற்காமல் மீண்டும் மீண்டும் முறையிட்டார். அந்த வழக்கம் பொய்யானது, கண்டிக்கத்தக்கது என்று வசனம் இறங்கியது. வாதாடிய ஒரு பெண்ணின் நினைவாக ஓர் அத்தியாயமே வேதத்தில் இருக்கிறது. அந்த வேதத்தை ஓதும் இடத்தில்தான் என் சாச்சிக்கு வாதாட இடமில்லை.

உம்மு ஸலமா நபிகளின் மனைவி. வேதம் ஆண்களைப் பற்றியே பேசுகிறதே, பெண்களைப் பற்றி ஏன் பேசவில்லை என்று அவர் கேட்டதாக மரபு சொல்கிறது. அதன் பிறகு வந்ததுதான் 33ஆவது அத்தியாயத்தின் 35ஆவது வசனம். பத்துப் பண்புகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே பெயர் சுட்டி, இருவருக்கும் ஒரே கூலி என்று முடிக்கிறது. பெண் கேட்டாள், வேதம் பதில் சொன்னது. எங்கள் மரபில் கேள்வி கேட்பது குற்றமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்த பரீரா. அவர் ஓர் அடிமைப் பெண். ஆயிஷா அவரை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார். அவர் கணவர் முகீஸ் அப்போதும் அடிமை. விடுதலையான பெண் அடிமைக் கணவரோடு தொடர்ந்து வாழலாம், விலகவும் செய்யலாம். முடிவு அவளுடையது. பரீரா விலகினார். முகீஸோ மதீனாவின் தெருக்களில் அவர் பின்னாலேயே அழுதுகொண்டு நடந்தார், கண்ணீர் தாடியில் வழிந்தது என்று புகாரியின் தொகுப்பில் இருக்கிறது. மனமிரங்கிய நபிகள், அவரோடு சேர்ந்து வாழலாமே என்று பரீராவிடம் கேட்டார். இது கட்டளையா என்று பரீரா திருப்பிக் கேட்டார். இல்லை, அவருக்காகப் பரிந்துதான் பேசுகிறேன் என்றார் நபிகள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார் பரீரா. அதோடு விஷயம் முடிந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை, ஊர்விலக்கம் செய்யவில்லை.

தோழர்களே, நேற்றுவரை சந்தையில் விற்கப்பட்ட ஒரு பெண், இறைத்தூதர் என்று தான் நம்பும் ஒருவரின் பரிந்துரையை மறுக்கிறாள். அந்த மறுப்பு 1,400 ஆண்டுகளாகப் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கிறது. எங்கள் ஊர் ஜும்ஆ பயான்களில் கதீஜாவின் பொறுமையைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், ஃபாத்திமாவின் எளிமையைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். பரீராவின் மறுப்பைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அப்படியென்றால் இந்தக் கதவு எப்படி மூடப்பட்டது?

ஒரு சிறு உதாரணம். இறைவனின் அடியாள்களைப் பள்ளிவாசல்களுக்குச் செல்லவிடாமல் தடுக்காதீர்கள் என்ற நபிமொழியை அறிவித்தவர் இப்னு உமர். அவர் அதைச் சொன்னபோது அவருடைய சொந்த மகனே, நாங்கள் தடுக்கத்தான் செய்வோம் என்றார். நான் நபி சொன்னதைச் சொல்கிறேன், நீ தடுப்பேன் என்கிறாயா என்று தகப்பன் கடுமையாகத் திட்டினார். நபிகளை நேரில் கண்ட தலைமுறைக்கு அடுத்த தலைமுறையிலேயே இது நடக்கிறது. தகப்பனின் வார்த்தை நூலில் நின்றது. மகனின் வார்த்தை நடைமுறையில் நின்றது.

மொராக்கோவின் சமூகவியலாளர் ஃபாத்திமா மெர்னிஸ்ஸி 1987இல் பிரெஞ்சில் எழுதிய நூல், ஒரு மளிகைக் கடையில் தொடங்குகிறது. பெண் முஸ்லிம்களுக்குத் தலைமை தாங்கலாமா என்று கேட்கிறார். கடைக்கு வந்த ஒருவர் உடனே ஒரு நபிமொழியைச் சொல்லி வாயடைக்கிறார்: பெண்ணிடம் பொறுப்பைக் கொடுக்கும் சமூகம் உருப்படாது என்பது அதன் கருத்து. மெர்னிஸ்ஸி வீட்டுக்குப் போய் அழவில்லை, நூல்களைத் திறந்தார். அதை அறிவித்தவர் அபூபக்ரா. எப்போது அறிவித்தார்? 656இல் ஆயிஷா தலைமை தாங்கிய ஒட்டகப் போர் தோல்வியில் முடிந்த பிறகு, நபிகள் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து. அதே அபூபக்ரா கலீஃபா உமரின் காலத்தில் ஒரு அவதூறு வழக்கில் தண்டனை பெற்றவர் என்பதையும் மெர்னிஸ்ஸி எடுத்துக் காட்டினார். நபிமொழிகளைச் சலித்தெடுக்க அறிஞர்கள் வகுத்த அளவுகோல்களையே கையில் எடுத்து, இந்த அளவுகோலுக்கு இவர் தேறுவாரா என்று கேட்டார். 1988இல் பாகிஸ்தானில் பெனாசிர் பூட்டோ பிரதமரானபோது எதிராளிகள் கையில் எடுத்ததும் இதே நபிமொழிதான்.

மரபுக்குள் நின்று செய்யும் பெண்ணியம் என்பது இதுதான். வேதத்தைத் தூக்கி எறிவதல்ல. வேதத்துக்கும் வேதத்துக்குப் பொருள் சொன்ன ஆண்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பது. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் ஆமினா வதூத் 1992இல் வெளியிட்ட 'குர்ஆனும் பெண்ணும்' இந்த வேலையைச் செய்தது. பாகிஸ்தானில் பிறந்த அஸ்மா பர்லாஸ் 2002இல் செய்தார். மலேசியாவில் 'இஸ்லாத்தின் சகோதரிகள்' அமைப்பு 1980களின் இறுதியிலிருந்து செய்துவருகிறது. நமக்குப் பக்கத்தில் வங்காளத்தின் ரொக்கையா 1905இலேயே, ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுப் பெண்கள் நாட்டை ஆளும் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை எழுதி, 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளியும் நடத்தினார்.

தமிழுக்கு வருவோம். நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை எழுதினார். துவரங்குறிச்சியிலிருந்து சல்மா வந்தார், வெளிச்சம் வராத அறைகளிலிருந்து 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தது. 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம், ஆண்கள் மட்டும் கூடும் ஜமாஅத்துக்கு மாற்றாகத் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைக் கூட்டினார். பெண்கள் உட்கார்ந்து பெண்களின் வழக்கைக் கேட்டார்கள். அவர்களுடைய வேலையைத்தான் தீபா தன்ராஜ் 2011இல் 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' என்று ஆவணப்படமாக்கினார். பள்ளிவாசலுக்குள் விட மாட்டீர்கள் என்றால் எங்களுக்கென்று ஒரு பள்ளிவாசல் கட்டிக்கொள்கிறோம் என்று அவர்கள் அறிவித்தபோது எழுந்த கூச்சல் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். என் சாச்சி அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்தார். அவர் பெண்ணியம் என்ற சொல்லைக் கேள்விப்பட்டவரல்ல. திண்ணையில் உட்கார்ந்தவர், அவ்வளவுதான்.

இனி, இந்த மேடைக்கு மிக நெருக்கமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இஸ்லாமியச் சட்டவியலில் 'கஃபாஆ' என்று ஒன்று உண்டு. மணமகன் மணமகளுக்குப் பொருத்தமானவனா என்று பார்ப்பது. இமாம் மாலிக் போன்றவர்கள் பொருத்தம் என்பது மார்க்கப் பற்றில்தான் என்றார்கள். ஆனால் ஹனபி சட்டவியலாளர்கள் வம்சம், செல்வம், தொழில் என்று பட்டியலை நீட்டினார்கள். நெய்பவன், முடிவெட்டுபவன், தோல் பதனிடுபவன் எல்லாம் பட்டியலின் அடியில். இந்தியாவுக்கு வந்தபோது அந்தப் பட்டியலுக்குத் தயாராகவே ஒரு வீடு காத்திருந்தது. அதற்குப் பெயர் சாதி.

இதில் பெண்ணுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். ஹனபி மத்ஹபில் வயது வந்த பெண் தன் திருமணத்தைத் தானே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், தகப்பன் அனுமதி நிபந்தனையல்ல. மற்ற மத்ஹபுகளில் இல்லாத சுதந்திரம் இது. ஒரு கையால் கொடுத்த இந்தச் சுதந்திரத்தை மறு கையால் பிடுங்கிக்கொள்ளும் விதிதான் கஃபாஆ. அவள் 'பொருத்தமில்லாத' இடத்தில் கட்டிக்கொண்டால் குடும்பத்து ஆண்கள் அத்திருமணத்தை எதிர்த்து முறையிடலாம். அதாவது அவள் சாதிக்குள் கட்டிக்கொள்ளும்வரை சுதந்திரமானவள். அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் கண்டுபிடித்தாரே, அந்த உயிர்நாடி எங்கள் சட்ட நூல்களுக்குள்ளும் துடிக்கிறது. பெண்ணை அடைத்துவைக்காமல் சாதியைக் காப்பாற்ற முடியாது. எந்த மதத்திலும் இதுதான் விதி.

இதற்கும் மரபுக்குள்ளேயே பதில் இருக்கிறது. விடுதலையான அடிமை ஸைதுக்கு, தன் அத்தை மகள் ஸைனபை மணமுடித்து வைத்தார் நபிகள். அந்த மணம் நீடிக்கவில்லை என்பதும் உண்மை, ஆனால் குலப்பெருமை உடைக்கப்பட்டது. இரத்தம் குத்தி எடுக்கும் தொழிலாளி அபூஹிந்துக்குப் பெண் கொடுங்கள், அவரிடம் பெண் எடுங்கள் என்று ஒரு குலத்தாருக்கு நபிகள் சொன்னது அபூதாவூதின் தொகுப்பில் இருக்கிறது. எங்கள் ஊரில் முடிதிருத்தும் முஸ்லிம் குடும்பம் ஒன்று உண்டு. தொழுகையில் எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்பார்கள், அதில் குறையில்லை. ஆனால் அந்த வீட்டுப் பையனுக்கு எங்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்டால்? நான் வளர்ந்த தெருவில் அப்படி ஒரு நிக்காஹ் நடந்ததில்லை. 1981இல் மீனாட்சிபுரத்தில் சாதி இழிவிலிருந்து தப்பிக்கத் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். பள்ளிவாசல் வரிசை அவர்களுக்குத் திறந்தது. நிக்காஹ் பந்தல் எவ்வளவு திறந்தது என்று கேட்கும் கடமை எங்களுக்கு இருக்கிறது. வடக்கே பஸ்மாந்தா இயக்கம் அஷ்ராஃப் ஆதிக்கத்தை நோக்கி அதைத்தான் கேட்கிறது. மதம் மாறிய தலித் முஸ்லிமுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கும் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையை நோக்கியும் கேட்கிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்களிடம் எல்லாமே பறிக்கப்பட்டதல்ல. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு உண்டு என்று 7ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தது குர்ஆன். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டு, 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் வந்து, 2005இல் இந்தியா முழுக்கச் சட்டம் வந்துதான் இந்துப் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கிடைத்தது. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அங்கே ஒரு பெண்ணை வீட்டைவிட்டு வெளியேற்றுவது அவ்வளவு சுலபமல்ல, ஏனென்றால் வீடு அவளுடையது. மத்ஹபில் அவர்கள் ஷாஃபி. திருமணத்துக்கு ஆண் பொறுப்பாளர் கட்டாயம். ஊர் வழக்கம் அவளுக்குக் கூரையைக் கொடுத்தது. ராவுத்தர் பெண்ணுக்கு மத்ஹபு சுதந்திரத்தைக் கொடுத்தது, ஊர் வழக்கம் பிடுங்கியது. ஆகவே 'இஸ்லாம் இப்படிச் சொல்கிறது' என்று ஒற்றை வரியில் யார் பேசினாலும், எந்த இஸ்லாம், எந்த ஊர், யாருக்கு என்று கேளுங்கள்.

அதே நேர்மையோடு கசப்பானதையும் சொல்கிறேன். குர்ஆனில் மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான் மகளுக்கு. 4ஆவது அத்தியாயத்தின் 34ஆவது வசனம் கணவனுக்கு மனைவிமேல் பொறுப்பாளன் என்ற இடத்தைக் கொடுக்கிறது, அடிப்பதைப் பற்றியும் பேசுகிறது. அடிப்பது என்று மொழிபெயர்க்கப்படும் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்று வாதிட்டவர்கள் இருக்கிறார்கள். ஆமினா வதூதும் வருடக்கணக்கில் அந்த வசனத்தோடு மல்லுக்கட்டினார். கடைசியில் 2006இல், இதை நேர்ப்பொருளில் நடைமுறைப்படுத்துவதை என்னால் ஏற்க முடியாது என்று வெளிப்படையாக எழுதினார். கெசியா அலி இன்னொரு படி போய், மணமகளை அடிமையோடு ஒப்பிட்டே பழைய சட்டவியலாளர்கள் திருமணச் சட்டத்தைக் கட்டினார்கள் என்று 2010இல் நூலாகக் காட்டினார். அடிமைமுறையை வேதம் ஒரே நாளில் தடை செய்யவில்லை, விடுதலை செய்வதை நன்மை என்றது. இன்று பெரும்பாலான முஸ்லிம்கள் அடிமை வைத்துக்கொள்வதை உரிமையாகக் கோருவதில்லை. வேதம் காட்டிய திசையில் நடந்து அதை ஒழித்தோம் என்கிறோம். அந்தத் திசையில் அடிமைக்காக நடந்த கால்கள் பெண்ணுக்காக மட்டும் ஏன் நின்றுவிட்டன? பதில் சொல்லுங்கள் என்று எங்கள் ஆலிம்களைக் கேட்கிறேன்.

மாற முடியாது என்பார்கள். மாற்றியிருக்கிறார்களே! நூறாண்டுக்கு முன் ஹனபி சட்டத்தில் கொடுமைக்காரக் கணவனிடமிருந்து பெண் விடுபட வழியே இல்லை. மதத்தைவிட்டு வெளியேறினால் திருமணம் முறியும் என்பதால், பெண்கள் அந்த வழியைப் பிடித்தார்கள். அதிர்ந்துபோன தேவ்பந்த் அறிஞர் அஷ்ரஃப் அலி தானவி, மாலிக்கி மத்ஹபிலிருந்து விதிகளைக் கடன் வாங்கிப் புதிய வழியை எழுதினார். அதன் தொடர்ச்சிதான் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். அதே தானவியின் பெண்களுக்கான நூலில் பிறப்பு, தொழில் அடிப்படையிலான பொருத்தப் பட்டியலும் இருக்கிறது என்பது வேறு கதை. என் வாதம் இதுதான்: பெண்கள் வெளியேறத் தொடங்கியபோது மரபு வளைந்தது. உள்ளே இருந்து கேட்கும்போதும் வளைய வேண்டும்.

இப்போது அரசு பக்கம் திரும்புவோம். 1978இல் இந்தூரில் 62 வயது ஷா பானு ஜீவனாம்சம் கேட்டார். உயர்நீதிமன்றம் கொடுத்தது மாதம் 179 ரூபாய் 20 காசு. 1985இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த 179 ரூபாய்க்காக நாடே இரண்டாகப் பிளந்தது. ஆலிம்கள் மார்க்கம் ஆபத்தில் என்றார்கள். ராஜீவ் அரசு 1986இல் சட்டம் போட்டு அவர்களைச் சமாதானப்படுத்தியது. இந்துத்துவர்கள் பொது சிவில் சட்டம் என்றார்கள். கிழவியின் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் அதே 1986 சட்டத்துக்குள்ளிருந்தே பெண்ணுக்கு நியாயமான ஏற்பாடு உண்டு என்று உச்சநீதிமன்றம் பொருள் சொன்னது. மணவிலக்கான பெண்ணுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லும் குர்ஆன் வசனம் அதற்கு முன்பே, 2ஆவது அத்தியாயத்தில், 241ஆவது வசனமாக இருக்கத்தான் செய்தது.

2017 ஆகஸ்டில் ஷாயரா பானு வழக்கில் முத்தலாக் செல்லாது என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. முஸ்லிம் பெண்கள் போராடி வாங்கியது அது. நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் அதே ஆண்டு ஜனவரியில், காஜிகள் தலாக் சான்றிதழ் கொடுக்கத் தடை வாங்கியவரும் பதர் சயீத் என்ற முஸ்லிம் பெண் வழக்கறிஞர்தான். ஆனால் 2019இல் ஒன்றிய அரசு என்ன செய்தது? ஏற்கெனவே செல்லாது என்று ஆகிவிட்ட ஒரு சொல்லைச் சொன்னதற்காக மூன்றாண்டு வரை சிறை என்று சட்டம் போட்டது. கணவன் சிறையில் இருந்தால் சோறு யார் போடுவது? சொல்லாமல் கொள்ளாமல் மனைவியைக் கைவிடும் மற்ற மதத்து ஆணுக்கு இப்படிச் சிறை இருக்கிறதா? முஸ்லிம் சகோதரிகளின் கண்ணீரைத் துடைத்தோம் என்று சொன்னவர்களின் ஆட்சியில்தான் 2022 சுதந்திர தினத்தன்று பில்கிஸ் பானு வழக்கின் 11 குற்றவாளிகள் விடுவிக்கப்பட்டார்கள், மாலை போட்டு வரவேற்கப்பட்டார்கள். 2024 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தலையிட்டுத்தான் அவர்கள் சிறைக்குத் திரும்பினார்கள். பில்கிஸின் கண்ணீர் கண்ணீரில்லையா?

பொது சிவில் சட்டம் என்று உத்தரகாண்டில் 2024இல் வந்த சட்டத்தைப் படித்துப் பாருங்கள். சேர்ந்து வாழும் இணையர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் தண்டனை. சாதி மறுத்து, மதம் மறுத்துச் சேரும் பிள்ளைகளை வீட்டாருக்குக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு அது. பெண் விடுதலை என்ற பெயரில் அகமணமுறைக்குக் காவல் போடுகிறார்கள். கஃபாஆவை எதிர்க்கும் நான் இதையும் எதிர்க்கத்தானே வேண்டும்?

இந்த இடத்தில்தான் எங்கள் சிக்கல். ஜமாஅத்தைப் பற்றி நான் பேசினால் நாளைக்கே அதை ஒரு சங்கி எடுத்துப் போடுவான். பேசாமல் இருந்தால் திண்ணையில் இன்னொரு சாச்சி உட்கார்ந்திருப்பாள். சமுதாயம் நெருக்கடியில் இருக்கும்போது வீட்டு விஷயத்தை வெளியே பேசலாமா என்று எங்கள் ஆண்கள் கேட்கிறார்கள். நெருக்கடி இல்லாத காலம் எது, சொல்லுங்கள், அப்போது பேசுகிறோம். 2020இல் வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து இரவு பகலாகத் தெருவில் உட்கார்ந்தது பெண்கள். சமுதாயத்தைக் காக்கத் தெருவுக்கு வரலாம், சமுதாயத்தின் கூட்டத்துக்கு மட்டும் வரக்கூடாதா?

கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கை 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற பிறகு எல்லோருக்கும் தெரியும். சாதி எதிர்ப்பில் கிளைத்த பண்டாயா இலக்கிய இயக்கத்திலிருந்து வந்தவர். பெண்கள் பள்ளிவாசலுக்குள் தொழலாம் என்று பேசியதற்காக 2000ஆம் ஆண்டில் அவர் குடும்பம் ஊர்விலக்கத்தைச் சந்தித்தது. இருபது ஆண்டு கழித்து, 2020இல், பெண்கள் பள்ளிவாசலில் தொழ மார்க்கத்தில் தடையில்லை என்று முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே உச்சநீதிமன்றத்தில் சொன்னது. இங்கும் தவ்ஹீத் இயக்கங்கள் கைக்கூலியை எதிர்த்து, மஹரை வலியுறுத்தி, பெண்களுக்குத் தொழுமிடம் திறந்தது பெரிய மாற்றம். அதை மறுக்கக் கூடாது. ஆனால் தொழுமிடம் கிடைத்தால் போதாது. தீர்ப்பு சொல்லும் இடமும் வேண்டும்.

இங்கே இருக்கும் பெரியாரியத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இன இழிவு நீங்க இஸ்லாம் நல்ல மருந்து என்று 1947இல் பேசிய பெரியார்தான், முஸ்லிம் பெண்களின் கோஷா முறையைக் கண்டித்தும் பேசினார். அம்பேத்கர் பாகிஸ்தான் பற்றிய நூலில் முஸ்லிம்களிடையே உள்ள சாதியையும் பர்தாவையும் மறைக்காமல் எழுதினார். இருவரும் எங்களைத் தூக்கிவைத்துக் கொண்டாடவுமில்லை, ஒதுக்கித் தள்ளவுமில்லை. உங்களிடம் கேட்பது அதே நேர்மையைத்தான். மேடையில் முஸ்லிம்களுக்கு ஆதரவாகப் பேசும்போது ஜமாஅத் தலைவரை மட்டும் அழைக்காதீர்கள். சிறுபான்மை நலம் என்றால் ஐந்து தாடி, ஒரு தொப்பி என்று நினைக்காதீர்கள். மதத்தைவிட்டு வந்தால்தான் தோழர் என்றும் சொல்லாதீர்கள்.

நாங்கள் கேட்பது வானத்து நிலவையல்ல. பெண்ணின் வழக்கைப் பேசும் கூட்டத்தில் அந்தப் பெண் உள்ளே இருக்க வேண்டும். ஜமாஅத் நிர்வாகத்தில் பெண்கள் வேண்டும். வக்பு வாரியத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் என்று 2013ஆம் ஆண்டுத் திருத்தமே சொன்னபோது ஊர் ஜமாஅத்துக்கு மட்டும் என்ன தடை? நிக்காஹ் என்பது ஒப்பந்தம், ஆகவே நிபந்தனைகளை எழுதும் பத்தி பதிவேட்டில் வேண்டும். மணவிலக்குச் செய்யும் அதிகாரத்தைக் கணவன் மனைவிக்கும் ஒப்படைக்கும் 'தலாக்-இ-தஃப்வீஸ்' ஹனபி சட்டத்தில் பழங்காலம் முதல் இருக்கிறது. அதை மணமகளுக்குச் சொல்லுங்கள். கைக்கூலி வாங்கிய நிக்காஹை நடத்தாதீர்கள். நடத்தினால் அதையும் பதிவேட்டில் எழுதுங்கள், திருப்பிக் கேட்கும்போது ஆதாரம் வேண்டும். உயிரோடு இருக்கும்போதே மகளுக்குச் சமமாக எழுதிவைக்க ஹனபி, ஷாஃபி மத்ஹபுகள் தடை சொல்லவில்லை. கேரளத்தில் ஷுக்கூர் என்ற வழக்கறிஞர் மகள்களுக்கு முழுச் சொத்தும் போக வேண்டும் என்பதற்காக 2023 மகளிர் தினத்தன்று சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்த் தன் மனைவியையே மறுபடி மணந்துகொண்டார். எங்கள் அத்தாமார் அவ்வளவு தூரம் போக வேண்டாம், பத்திரப்பதிவு அலுவலகம்வரை போனால் போதும்.

கடைசியாகச் சாச்சி. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தையல் வேலை பார்த்து மகனைப் படிக்கவைத்தார். ஆய்வுக்காக எங்கள் ஊர்ப் பதிவேட்டையும் பார்க்க அனுமதி கேட்டேன். நிர்வாகம் மாறியிருந்தது, கொடுத்தார்கள். சாச்சியின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அவர் பெயர் இருந்தது, நன்னாவின் கையெழுத்து இருந்தது, மாப்பிள்ளையின் கையெழுத்து இருந்தது, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருந்தது. குலா ஆனது பற்றிப் பின்னால் ஒரு வரி, மஹர் 1,001 திருப்பித் தரப்பட்டது என்று. 25 பவுன் எங்கும் இல்லை. சாச்சியின் கையெழுத்தும் எங்கும் இல்லை. படித்தவர், அழகாக எழுதுவார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டார்: "உன்னை உள்ளே விட்டாங்களா?" விட்டார்கள் என்றேன். "உட்காரச் சொன்னாங்களா?" நாற்காலி போட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடுத்த தடவை போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார்.

கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் தோழர்களே.